தறியோசையில் கேட்கும் காது

தமிழில் ‘கேள்’ என்னும் வினையடி பல சுமைகளைச் சுமக்கிறது. ஒலியைச் செவியால் உணர்வதும் கேட்டல். வினா எழுப்புவதும் கேட்டல். பெரியோர் சொற்படி நடப்பதும் கேட்டல். ‘சொன்னால் கேட்கமாட்டான்’ என்று ஒரு சிறுவனைப் பற்றிக் கூறும்போது அவனிடம் பணிவு குறைவு என்கிறோமா, செவிப்புலன் குறைவு என்கிறோமா என்பதை மொழி பிரித்துக் காட்டுவதில்லை. வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். சங்கப் பாடல்களோ ‘அசுணம்’ என்ற ஓர் உயிரினத்தைப் படைத்துக் காட்டின. யாழிசையில் மயங்கி நிற்கும் அந்த உயிர், வன்மையான பறையொலி கேட்ட மாத்திரத்தில் மாண்டுவிடும் என்பது புலவர் மரபு. கூர்மையான செவி கொண்டவரைப் ‘பாம்புச் செவி’ என்கிறோம். கேளாதவரிடம் பேசும் பேச்சைச் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறோம்.

கேட்டலைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், கேட்கும் கருவியைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. காதின் புறத்தை நாம் நன்கு அறிவோம். குத்தினோம், வளர்த்தோம், தண்டட்டியும் கடுக்கனும் கம்மலும் அணிந்தோம். அறுந்த காதுமடலைத் தைத்துச் சீர்செய்யும் முறையைச் சுசுருத சம்ஹிதை விரித்துரைக்கிறது. காதுக்கு வரும் நோய்கள் இருபத்தெட்டு என்றும் அது வகுக்கிறது. ஆனால் செவிப்பறைக்கு அப்பால், ஒரு கொண்டைக்கடலை அளவேயான இருண்ட அறையில், மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் இருப்பதை உலகம் அறிந்து ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. அவ்வெலும்புகள் பழுதுபட்டால் என்ன நேர்கிறது, அப்பழுதை மனிதர் எவ்வாறு கண்டுகொண்டனர், சேலம் நாமக்கல் சமவெளியில் வாழ்பவர்கள் அதை ஏன் தனியே அறிந்திருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓசை பெருகிய நிலம்

சேலம் வட்டாரம் 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு வெகு முன்பிருந்தே அது நெசவு நாடு. குழித்தறியில் ஓர் ஆள் அமர்ந்து நெய்யும்போது எழும் ஓசை வீட்டுப் பேச்சை மறைப்பதில்லை. தறியில் இருப்பவரும் பாவு முடிபவரும் தார் சுற்றும் பெண்களும் பேசிக்கொண்டே வேலை செய்யலாம். கைத்தறி வீடு பேச்சுள்ள வீடு.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. 1937இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. பின்வந்த பத்தாண்டுகளில் மின்சாரம் ஊர்தோறும் பரவ, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை எனப் பல ஊர்களில் விசைத்தறி வேரூன்றியது. ஒரு தகரக் கூரையின் கீழ் எட்டுத் தறி, பத்துத் தறி. ஒவ்வொன்றிலும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இப்பக்கமும் அப்பக்கமும் எறியப்படுகிறது. அத்தகைய பட்டறையின் ஓசை பொதுவாக 90 டெசிபெலைத் தாண்டும். 1997 ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில் லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகளின் சம்மட்டியோசை கேட்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுதும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில் வேலை செய்வோர், பாறையைத் துளைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பொழுதைக் கழிப்பவர்கள்.

ஆகவே இவ்வட்டாரத்தில் நடுவயது கடந்த ஒருவருக்குக் காது மந்தம் என்றால் காரணத்தைத் தேடி யாரும் செல்வதில்லை. ‘தறியிலேயே கிடந்த காது, வேறென்ன ஆகும்?’ என்று முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அம்முடிவு சரியாகவே இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அன்று. தறியின் பெயரால் கைவிடப்பட்ட காதுகளுள் சில, தறியால் கெட்டவை அல்ல, சரிசெய்யக் கூடியவை. இரண்டையும் பிரித்தறியும் அறிவு எப்படி வந்தது என்பதே நாம் சொல்லவிருக்கும் வரலாறு.

சுத்தி, பட்டடை, அங்கவடி

பள்ளிப் பாடநூல் இம்மூன்று பெயர்களையும் நமக்குக் கற்பித்திருக்கிறது. மூன்றும் பட்டறைக்கும் குதிரைலாயத்துக்கும் உரிய சொற்கள் என்பது கவனிக்கத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் பிணங்களை அறுத்துப் பார்த்த உடற்கூற்றறிஞர்கள், தாம் கண்ட சிற்றெலும்புகளுக்குத் தம்மைச் சுற்றி இருந்த பொருள்களின் பெயர்களையே சூட்டினர். 1543இல் வெளிவந்த தம் பெருநூலில் வெசாலியஸ் முதலிரண்டு எலும்புகளைச் சுத்திக்கும் பட்டடைக்கும் ஒப்பிட்டார். மூன்றாவது அவர் கண்ணுக்குத் தப்பியது. 1546இல் நேப்பிள்ஸ் நகரில் இங்ராசியா என்பவர் ஒரு மண்டையோட்டை ஆராய்ந்தபோது அதைக் கண்டார். குதிரை வீரன் காலூன்றும் அங்கவடியை அப்படியே சிறிதாக்கியது போன்ற வடிவம். பண்டைய உரோமானியரிடம் அங்கவடி இல்லாததால் செவ்வியல் இலத்தீனில் அதற்குச் சொல்லும் இல்லை. இடைக்காலத்தில் உண்டான சொல்லே அவ்வெலும்பின் பெயராயிற்று. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு அதுவே: உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், எடை சில மில்லிகிராம். ஓர் அரிசிமணியைவிட இலேசானது.

பிறந்த குழந்தையின் உடலில் எல்லா எலும்புகளும் வளரவேண்டியிருக்க, இம்மூன்று மட்டும் பிறக்கும்போதே ஏறக்குறைய முழு அளவில் இருக்கின்றன. இவற்றின் பூர்வீகமும் வியப்புக்குரியது. 1837இல் ரெய்ஷர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், கரு வளர்ச்சியை ஒப்பிட்டு, ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருக்கும் இரண்டு எலும்புகளே பாலூட்டிகளில் சுத்தியாகவும் பட்டடையாகவும் மாறியுள்ளன என்று காட்டினார். பின்னர் கிடைத்த புதைபடிவங்கள் அதை உறுதி செய்தன. பாம்புக்குப் புறச்செவியும் செவிப்பறையும் இல்லை. அதன் செவியெலும்பு தாடையோடு இணைந்திருக்கிறது. தரையின் அதிர்வைத் தாடை வாங்கி உட்செவிக்குத் தருகிறது. ‘பாம்புச் செவி’ என்று நாம் புகழ்வது உண்மையில் ஒரு தாடைச் செவியைத்தான். நம் முன்னோடி உயிர்கள் மெல்லுவதற்குப் பயன்படுத்திய எலும்பால் நாம் இன்று நாதசுரம் கேட்கிறோம்.

காற்றிலிருந்து நீருக்கு

இவ்வெலும்புகள் எதற்கு? ஒலி காற்றில் வருகிறது. அதை உணரும் நரம்பணுக்களோ உட்செவியில், நத்தை வடிவக் குழலில், நீர்மத்துக்குள் மூழ்கி இருக்கின்றன. கிணற்றுக்குள் மூழ்கியவனுக்குக் கரையில் நிற்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீர்ப்பரப்பைக் கடந்து உள்ளே செல்லும், மீதி திரும்பிவிடும். இந்தத் தடையைக் கடக்கவே இயற்கை நடுச்செவியை அமைத்தது.

செவிப்பறையில் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டு 3 சதுர மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பெரிய பரப்பில் வாங்கிய விசை சிறிய பரப்பில் குவியும்போது அழுத்தம் சுமார் 17 மடங்காகிறது. சுத்தியும் பட்டடையும் சேர்ந்து ஏற்றக்கோல் போல் இயங்குவதால் மேலும் 1.3 மடங்கு. ஆக 22 மடங்கு. டெசிபெல் கணக்கில் ஏறத்தாழ 27. நீர்ப்பரப்பில் இழக்கவேண்டியதைப் பெரும்பாலும் மீட்டுத் தரும் கணக்கு இது.

1874இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், இறந்த மனிதர் ஒருவரின் செவிப்பறையையும் சிற்றெலும்புகளையும் ஒரு சட்டத்தில் பொருத்தினார். எலும்பின் நுனியில் ஒரு துரும்பை ஒட்டி, புகைபடிந்த கண்ணாடியில் குரலின் அலைகளை வரையச் செய்தார். அவ்வளவு மெல்லிய சவ்வு தன்னைவிடக் கனத்த எலும்புகளை அசைக்கிறதே, அப்படியானால் ஒரு சவ்வு இரும்புத் துண்டையும் அசைக்குமன்றோ என்று அவர் எண்ணினார். தொலைபேசிக்கான சிந்தனையில் அந்தச் செவிக்கும் பங்குண்டு.

எலும்புகள் பழுதுபடும் வழிகள்

நடுச்செவி எலும்புகள் கெடுவதற்கு நம் ஊர்களில் முதற் காரணம் சீழ். சளி பிடித்த குழந்தையின் தொண்டையிலிருந்து, மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைக்கும் குழல் வழியே கிருமி ஏறுகிறது. செவிப்பறை பொத்து சீழ் வடிகிறது. ஆறாமல் ஆண்டுக்கணக்கில் நீளும்போது உள்ளே இருக்கும் எலும்பும் அரிக்கப்படுகிறது. முதலில் கரைவது பெரும்பாலும் பட்டடையின் நீண்ட காம்பு. இரத்த ஓட்டம் மிகக் குறைவான இடம் அது. காம்பு கரைந்தால் பட்டடைக்கும் அங்கவடிக்கும் தொடர்பு அறும். சங்கிலி நடுவில் விட்டுப்போகிறது.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர் கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்து நீந்தினால் அழுக்கு நீர் நடுச்செவிக்குள் புகுந்து மீண்டும் சீழ் பிடிக்கும். காய்ச்சிய எண்ணெய், பச்சிலைச் சாறு, தாய்ப்பால் என நாம் அன்போடு ஊற்றுவன எல்லாம் அந்த ஓட்டை வழியாக எலும்பு இருக்கும் அறைக்கே செல்கின்றன. காது குடையும் கோழி இறகும் ஊக்கும் செய்யும் தீங்கைச் சொல்லத் தேவையில்லை. கோபத்தில் ‘செவிட்டில் ஒன்று விடுவது’ நம்மிடம் ஒரு வழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது. அறைந்த கைக்கும் செவிப்பறைக்கும் இடையில் சிக்கும் காற்று பறையைக் கிழிக்கும். கேட்காத பிள்ளையை அடித்து, உண்மையிலேயே கேட்காத பிள்ளையாக்கும் கொடுமை அது. சொல்பேச்சு கேளாதவன் என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு நடுச்செவியில் பசை போன்ற நீர் தேங்கி, எலும்புகள் அசைய முடியாமல் கிடக்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்தது விபத்து. லாரியும் மோட்டார் சைக்கிளும் மிகுந்த இவ்வட்டாரத்தில் தலையில் அடிபட்டோர் பலர். பொட்டெலும்பு அதிரும்போது பட்டடை இடம் பெயர்வதுண்டு. உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் ஒரு காது மந்தமானதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இதில் ஒரு விந்தை உண்டு. செவிப்பறையும் பொத்து, சங்கிலியும் அறுந்தவரைவிட, செவிப்பறை முழுதாய் இருந்து சங்கிலி மட்டும் அறுந்தவருக்கே கேளாமை அதிகம். 60 டெசிபெல் வரை போகும். சாதாரணப் பேச்சின் அளவே அவ்வளவுதான். முழுப் பறை அங்கே கதவாக நின்று, ஒலியை உட்செவிக்கு நேரே போகவிடாமல் தடுத்துவிடுகிறது.

மூன்றாவது காரணம் மிக மறைவானது. சீழ் இல்லை, வலி இல்லை, விபத்து இல்லை. அங்கவடி அமர்ந்திருக்கும் நீள்வட்டச் சாளரத்தின் ஓரத்தில் புது எலும்பு படர்ந்து, அதை அசையவிடாமல் இறுக்கிவிடுகிறது. குதிரை வீரனின் கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டது போல. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்து பிள்ளைக்கு வருவதும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் வால்சால்வா ஒரு பிணத்தில் இதைக் கண்டார். 1893இல் வியன்னாவின் ஆடம் போலிட்சர் இதை ‘ஓட்டோஸ்கிளிரோசிஸ்’ என்று பெயரிட்டுத் தனி நோயாக நிறுவினார்.

முரசு கொட்டியவன்

இனி நம் தலைப்புக்கு வருவோம். மூளையின் இரத்தக் குழாய்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், 1672இல் வெளியிட்ட ஒரு நூலில் விசித்திரமான ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுக்குக் காது கேட்காது. ஆனால் அருகில் யாரேனும் முரசு கொட்டினால், அந்த ஓசைக்கு நடுவே கணவன் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். ஆகவே கணவன் முரசு கொட்டத் தெரிந்த ஒருவனையே வேலைக்கு அமர்த்திக்கொண்டான். மனைவியோடு பேசவேண்டும் என்றால் முரசு ஒலிக்கும். பறையொலியில் அசுணம் மாயும் என்றது நம் மரபு. பறையொலியில்தான் செவி திறக்கும் என்றது வில்லிஸின் குறிப்பு.

இதில் மாயம் ஏதுமில்லை. இரைச்சல் மிகுந்த இடத்தில் நம்மையறியாமல் குரலை உயர்த்திப் பேசுகிறோம். 1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விளக்கியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. நடுச்செவி பழுதானவருக்கு இரைச்சல், செவியில் பஞ்சு வைத்தது போல் அடங்கி ஒலிக்கிறது. உயர்ந்துவிட்ட மனிதக் குரலோ அவருடைய கேட்கும் எல்லைக்குள் வந்து சேர்கிறது. உட்செவியும் நரம்பும் நலமாய் இருப்பதால், எட்டிய சொல் சிதையாமல் விளங்குகிறது.

இப்போது ஒரு தறிப்பட்டறையை நினைத்துப் பார்ப்போம். எல்லோரும் உரக்கக் கத்திப் பேசுகிறார்கள். பாதிச் சைகை, பாதி வாயசைவு. லங்காஷயரின் பருத்தி ஆலைகளிலும் நெசவுப் பெண்கள் வாயசைவிலேயே உரையாடும் ஒரு தனி மொழியை வளர்த்திருந்தனர். இப்படிப்பட்ட பட்டறையில், அங்கவடி இறுகிய ஒருவர் மற்றவர்களைவிட நன்றாகவே காது கேட்பவராகத் தோன்றுவார். வேலை முடிந்து, தறி நின்று, வீட்டில் அமைதியாக அமர்ந்தபின்தான் மனைவியும் பிள்ளைகளும் பேசுவது அவருக்கு எட்டாமல் போகும். ‘பட்டறையில் எல்லாம் கேட்கிறது, வீட்டில் மட்டும் கேட்பதில்லையா?’ என்று வீட்டார் சலித்துக்கொள்ளும் அந்த ஏச்சு, உண்மையில் மருத்துவர் தேடும் மிகச் சிறந்த தடயம்.

தறியால் கெட்ட காதின் இயல்பு இதற்கு நேர்மாறு. அங்கே எலும்புச் சங்கிலி நலமாக இருக்கிறது; உட்செவியின் மயிரணுக்கள் மாண்டிருக்கின்றன. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள கூரிய ஒலி. உயிரெழுத்துகளின் முழக்கம் கேட்கும், ச, த போன்ற மெய்களின் வேறுபாடு மங்கும். ‘காசு’ என்றாரா ‘காது’ என்றாரா என்று தெரியாது. ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்று விளங்கவில்லை’ என்பது அவர்களுடைய புகார். இரைச்சலில் இன்னும் மோசம். தம் குரலே தமக்குச் சரியாகக் கேட்காததால் உரக்கப் பேசுவார்கள். எலும்பு பழுதானவரோ, தம் குரல் மண்டையெலும்பு வழியே தமக்குப் பெரிதாகக் கேட்பதால், தாழ்ந்த குரலில் பேசுவார்.

இயற்கை ஒரு காவலையும் வைத்திருந்தது. அங்கவடியோடு இணைந்த மிகச் சிறிய தசை, பேரோசை கேட்டவுடன் எலும்பை இழுத்துப் பிடித்து அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது இயங்க நொடியில் ஒரு சிறு பங்கு காலம் வேண்டும். நெடுநேரம் இழுத்து நிற்கவும் இயலாது. நாடா மோதும் வெடிப்போசை அதற்குள் உள்ளே போய்விடும். பரிணாமம் இடியோசையை எதிர்பார்த்திருக்கலாம்; எட்டு மணி நேர விசைத்தறியை எதிர்பார்க்கவில்லை.

தந்தையும் மகனும்

இந்த இரு கேளாமைகளின் வரலாற்றிலும் ஒரு குடும்பப் பெயர் குறுக்கிடுகிறது. ஜோசப் டாயின்பி இலண்டன் நகரக் காது மருத்துவர். 1,500க்கு மேற்பட்ட காதுகளை அறுத்து ஆராய்ந்து, உயிரோடு இருந்தபோது அவரவருக்கு இருந்த கேளாமையோடு ஒப்பிட்டு, 1860இல் காது நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அங்கவடி இறுகிப்போவது அரிய நிகழ்வன்று, கேளாமைக்கு அது ஒரு பெருங்காரணம் என்று நிறுவியவர் அவர். 1866இல், காதிரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்மையும் பிரசிக் அமிலத்தையும் தம்மீதே சோதித்துப் பார்த்தபோது இறந்தார்.

அப்போது பதின்மூன்று வயதாக இருந்த அவர் மகன் ஆர்னால்ட் டாயின்பி, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பொருளியல் வரலாறு கற்பித்தார். முப்பது வயதில் மறைந்த அவருடைய சொற்பொழிவுகள் 1884இல் நூலாக வந்தன. ‘தொழிற்புரட்சி’ என்ற சொற்றொடரை ஆங்கில உலகில் நிலைநிறுத்தியது அந்நூலே. உலக வரலாற்றை எழுதிய டாயின்பி, இவருடைய உடன்பிறந்தாரின் மகன். தந்தை, மண்டையோட்டுக்குள் அங்கவடி ஏன் அசையவில்லை என்று தேடினார். மகன், ஆலைகளின் வருகை தொழிலாளரின் வாழ்வை என்ன செய்தது என்று தேடினார். தறிப்பட்டறையில் நிற்கும் ஒருவரின் காதைப் புரிந்துகொள்ள இருவரும் தேவைப்படுகிறார்கள்.

தொழிலால் வரும் கேளாமையை வேறு சிலர் எழுதினர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் இராமசினி, செம்புக் கொல்லர்கள் ஓயாத சம்மட்டியோசையால் செவிடாவதைக் குறித்தார். 1886இல் கிளாஸ்கோவின் தாமஸ் பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர்களின் செவியை அளந்து பார்த்தார். 1965இல் டண்டி நகரின் சணல் ஆலைகளில் நெய்த பெண்களைப் பற்றிய ஆய்வு, எத்தனை ஆண்டு தறியில் நின்றால் எவ்வளவு கேட்புத்திறன் போகும் என்பதைக் கணக்காகவே காட்டியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என வகுத்தது. 1987இல் வந்த திருத்தம், இரைச்சலால் வரும் கேளாமையை அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றன. 2020இல் இயற்றப்பட்ட தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பத்தை இருபதாக உயர்த்தியது. வரையறை விலகிப் போகும்போது காதும் சட்டத்துக்கு எட்டாத தொலைவுக்குப் போகிறது.

இறுகிய எலும்பை விடுவித்தல்

இறுகிய அங்கவடியை அசைத்துவிட்டால் போதுமே என்ற எண்ணம் 1870களிலேயே ஜெர்மானிய மருத்துவர் கெசலுக்குத் தோன்றிச் செய்தும் பார்த்தார். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. உட்செவியைத் திறந்தால் மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போலிட்சர் உள்ளிட்ட பெரியோர் இச்சிகிச்சையைக் கண்டிக்க, அது அரை நூற்றாண்டு கைவிடப்பட்டது. 1938இல் நியூயார்க்கின் லெம்பெர்ட், அங்கவடியைத் தொடாமல் உட்செவிச் சுவரில் புதிய சாளரம் ஒன்றைத் திறக்கும் முறையை அறிவித்தார். 1952இல் சாமுவேல் ரோசன், ஓர் அறுவையின்போது அங்கவடி அசைந்துவிட, நோயாளிக்கு அந்த இடத்திலேயே கேட்கத் தொடங்கியதைக் கண்டு பழைய வழியை மீட்டார். 1956 மே முதல் நாள், மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே, இறுகிய அங்கவடியை அகற்றி, டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை ஒரு பெண்ணின் காதில் பொருத்தினார். அவருக்குக் கேட்டது. செவிப்பறையைத் தைத்து எலும்புச் சங்கிலியைச் சீரமைக்கும் முறையையும் அதே 1950களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் சோல்னரும் வகுத்தனர்.

தமிழகமும் இவ்வரலாற்றில் இடம் பெற்றது. ஒய்.பி. கபூரும் ஏ.ஜே. பேட்டும் 1960களில் தென்னிந்தியாவில் ஓட்டோஸ்கிளிரோசிஸ் பற்றி ஆராய்ந்தனர். நீலகிரியின் தோடர்களிடையே அந்நோய் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருப்பதை அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இன்றும் உலக மருத்துவ நூல்களில் எடுத்தாளப்படுகிறது. சிறிய சமூகம், உள்ளுக்குள்ளேயே மணவுறவு என்பதால் மரபுவழி நோய் அங்கே தெளிவாகப் புலப்பட்டது. சமவெளியில் அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கத்தால் மிகுவது பெரும்பாலும் வேறொரு கேளாமை; பிறவியிலேயே உட்செவியைத் தாக்கும் வகை. அதையும் எலும்புப் பழுதையும் ‘குடும்ப வாகு’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவது சரியன்று.

ஓர் இசைக்கவை போதும்

பிரித்தறிவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 1711இல் ஜான் ஷோர் என்ற எக்காளக் கலைஞர் சுருதி சேர்க்கச் செய்த இசைக்கவையே போதும். 1834இல் வெபரும் 1855இல் ரின்னேயும் அதை மண்டையில் வைத்துப் பார்க்கும் சோதனைகளை விளக்கினர். தட்டிய கவையைக் காதுக்கு நேரே காற்றில் பிடித்தால் ஒருவருக்கு மங்கலாகவும், காதின் பின்னுள்ள எலும்பில் ஊன்றினால் உரக்கவும் கேட்கிறதா? அப்படியானால் நரம்பு உயிரோடு இருக்கிறது, பழுது வழியில்தான். வாசகர்கள் இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி ‘ம்’ என்று முனகினால், ஒலி அடைத்த காதிலேயே உரக்கக் கேட்கும். வழி அடைபட்ட காது, எலும்பு வழி வரும் ஒலியை நன்றாக வாங்குகிறது. வெபரின் சோதனைக்கு அடிப்படை இதுவே.

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்னும் பழமொழியை இவ்வறிவோடு திரும்பப் பார்க்கலாம். ஊதிய சங்கு பயன்படாது போனது, அது காற்றின் வழியாகவே வந்ததால் இருக்கலாம். அதே அதிர்வை எலும்பில் வைத்தால் கேட்டிருக்கக் கூடும். பழமொழி செவிடனோடு கதையை முடித்தது. இசைக்கவை, எந்தச் செவிடன் என்று கேட்டது.

சேலத்தில் 1986இல் தொடங்கிய மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2006இல் மத்திய அரசு காது கேளாமைத் தடுப்புக்கென ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே இன்று தொலைவு ஒரு தடையன்று. ‘தறிக்காது’ என்ற ஒற்றைச் சொல்லே தடை. நரம்பு கெட்டவருக்கு இழந்தது திரும்பாது. அவருக்கு வேண்டியது காதுக்கவசம், ஓசை குறைந்த தறி, காது கேட்கும் கருவி, இழப்பீடு. எலும்பு கெட்டவருக்கு வேண்டியது, ஒரு மணி நேரம் அல்லது அதைச் சற்றுத் தாண்டும் ஓர் அறுவைச் சிகிச்சை. இரண்டும் உரிமைதான். முதலாமவரைக் காப்பாற்றத் தொழிற்சட்டம் வேண்டும். இரண்டாமவரைக் காப்பாற்ற, வீட்டில் இருப்போர் ஏசுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு முறை அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் போதும்.

தறி ஓடும்போது நன்றாகக் கேட்டு, நின்றவுடன் கேளாமல் போகும் ஒருவர் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். அவர் தாழ்ந்த குரலில் பேசுபவராகவும் இருந்தால், அவருக்கு இதைச் சொல்லுங்கள். சற்று உரக்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கும்.